கூரையைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா? குமரி மாவட்ட வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலை, திருவட்டாறு, குளச்சல் பக்கங்களில் வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். இடவப்பாதி மழை, அதாவது ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை, தொடங்கி ஒரு வாரம் ஆனதும் கூரையைப் பற்றிய அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. அவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மழை பெய்தால் ஒரே ஒரு இடத்தில் ஒழுகுகிறது. ஓட்டுக் கூரையை மொத்தமாக மாற்றத்தான் வேண்டுமா?

ஒழுகல் ஒன்றை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ஓட்டுக் கூரையில் மேலே ஓடு, அதற்குக் கீழே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் என்று சொல்லும் குறுக்குப் பட்டியலும், முகட்டிலிருந்து சரிவாக இறங்கும் மரமான கழுக்கோலும், இவை இரண்டின் பாரத்தையும் வாங்கிக்கொள்ளும் உத்தரமும் சுவரும் என மூன்று அடுக்குகள் உண்டு. ஓடு உடைந்தாலோ விலகினாலோ அது ஒரு நாள் வேலை. கழுக்கோல் கெட்டிருந்தால் எத்தனை, எங்கே என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சுவர்மேல் கிடக்கும் உத்தரம் உளுத்திருந்தாலோ சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ கூரை முழுவதையும் பிரிப்பதைப் பற்றிப் பேச்சைத் தொடங்கலாம்.

ஒழுகல் பெரும்பாலும் முதல் அடுக்கின் குறை. வீட்டுக்காரர் பயப்பட வேண்டியது மூன்றாவது அடுக்கை. அந்த அடுக்கு கெடும்போது பல வீடுகளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விழுவதில்லை.

ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஏறிப் பார்த்தேன், ஓடு நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மேலிருந்து வருகிறது, ஆனால் நேர் மேலிருந்து அல்ல. ஓட்டின் இடுக்கில் நுழைந்த தண்ணீர் கழுக்கோலின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, ஒரு முடிச்சோ ஆணியோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். நுழைந்த இடம் நான்கைந்து அடி மேலே, முகட்டுப் பக்கமாக இருக்கலாம். நல்ல வெயில் நாளில் கதவு ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடங்களைச் சாக்பீஸால் கழுக்கோலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் எங்கும் தெரியவில்லையானால் மூன்று இடங்களைச் சந்தேகப்படலாம். முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சாந்து விரிசல் விட்டிருக்கும். அல்லது இரண்டு சரிவுகள் சந்திக்கும் மூலையில் தண்ணீரை வடிக்க வைத்த தகரப் பாத்தி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். அல்லது அந்தப் பாத்தியில் சருகு அடைத்துத் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறியிருக்கும். தென்னையும் பலாவும் கூரைமேல் சாய்ந்து நிற்கும் நம் ஊர் வீடுகளில் மூன்றாவதுதான் அதிகம்; அதற்கு மருந்து ஒரு துடைப்பம்.

மரம் கெட்டுப்போனதா என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு ஸ்க்ரூடிரைவரும் சிறிய சுத்தியலும் டார்ச்சும் போதும். கழுக்கோலைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கறையான் தின்ற மரம் அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். ஆனால் முதலில் தட்ட வேண்டிய இடம் நடுப்பகுதி அல்ல. கழுக்கோல் உத்தரத்தின்மேல் உட்காரும் நுனியும், உத்தரம் சுவரைத் தொடும் அடிப்பக்கமுமே. சுவரின் ஈரத்தைக் குடிப்பதும், சுவருக்குள் மண்குழாய் கட்டி ஏறும் கறையானுக்கு முதலில் அகப்படுவதும் அந்த இடம்தான்.

திருவட்டாறு அருகே ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். உத்தரத்துக்கு வருடா வருடம் வார்னிஷ் அடித்துக் கண்ணாடிபோல் வைத்திருந்தார்கள். அடிப்பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். வார்னிஷ் படலம் காகிதம்போல் கிழிந்தது. கம்பி கைப்பிடிவரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது சுக்குப்பொடி நிறத்தில் தூள் கொட்டியது. அறைக்குள் ஒழுகலே இல்லை. அதே வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த அடுக்களைக் கூரையின் மரமோ இரும்புபோல் இருந்தது. பல வருடம் விறகடுப்புப் புகை ஏறிக் கரி படிந்த மரத்தைக் கறையான் எளிதில் அண்டுவதில்லை என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

எத்தனை கழுக்கோல் போனால் மொத்தமாக மாற்றலாம்?

எண்ணிக்கையைவிட அவை இருக்கும் இடம் முக்கியம். இருபது கழுக்கோலில் ஐந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டிருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். நுனி மட்டும் உளுத்திருந்தால் பக்கத்தில் நல்ல கட்டை ஒன்றைச் சேர்த்து போல்ட் முடுக்கினாலே போதும். அதே ஐந்தும் அடுத்தடுத்து இருந்தால் அந்தப் பகுதியின் பாரத்தை வாங்க ஆளில்லை என்று பொருள். அந்தச் சரிவைப் பிரித்தே ஆக வேண்டும்.

என் வழக்கம் இதுதான்: மூன்றில் ஒரு பங்குக்குமேல் கெட்டிருந்தால், பழுதுக்கும் மாற்றத்துக்கும் தனித்தனியாக மதிப்பீடு வாங்கச் சொல்வேன். ஓட்டை இறக்கி ஏற்றும் கூலி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், அந்த அளவைத் தாண்டியபின் பழுதினால் மிச்சமாவது அதிகம் இருக்காது.

பத்மநாபபுரம் அரண்மனை நானூறு வருடமாக நிற்கிறது. என் தாத்தா கட்டிய வீடு அறுபது வருடத்தில் இப்படி ஆகிவிட்டதே?

அரண்மனை தானாக நிற்கவில்லை. கேரள அரசின் தொல்லியல் துறை அதைப் பராமரிக்கிறது. கெட்ட துண்டை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் எந்த மரக் கட்டடமும் நிற்கும். அங்கே இறவாரம் சுவரை விட்டு எவ்வளவு தள்ளி நீண்டிருக்கிறது, காற்று எப்படி உள்ளே புகுந்து வெளியேறுகிறது என்பதையும் கவனியுங்கள். நாமோ இறவாரத்தை வெட்டி ஷீட்டுத் தாழ்வாரம் சேர்த்து, ஓட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் சீலிங் அடித்து, மரத்துக்குக் காற்றில்லாமல் செய்துவிடுகிறோம்.

மரம் மாற்ற வேண்டியிருக்கிறது, பழைய ஓட்டையே திரும்பப் போடலாமா?

பெரும்பாலும் போடலாம், போட வேண்டும் என்றே சொல்வேன். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய அந்த வடிவ ஓட்டில் நன்றாகச் சுட்டது சீக்கிரம் சாவதில்லை. ஒவ்வொன்றையும் சுண்டிப் பாருங்கள். வெண்கல ஒலி வந்தால் நல்லது, மந்த ஒலி வந்தால் கீறல் உண்டு. பத்து ஓடுகளை உலர்ந்த நிலையில் எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்குமேல் எடை கூடினால் அந்த ஓடு ஈரத்தை மரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு பிடிக்கும். 1,000 சதுர அடிச் சரிவுக்கு ஏறக்குறைய 1,400 ஓடு வேண்டும். பத்தில் ஒன்று உடைந்தால் 140 ஓடு தேட வேண்டியிருக்கும். தேடும்போது ஓட்டின் அடிப்பக்கத்தில் அழுத்திய தொழிற்சாலைப் பெயரைப் பார்த்து அதே பெயரில் வாங்குங்கள். என் சொந்த வீட்டில் இதை அலட்சியம் செய்தேன். இரண்டு தொழிற்சாலைகளின் ஓட்டைக் கலந்து மேய்ந்ததில் வரம்புகள் ஒன்றோடொன்று பூட்டவில்லை. முதல் சாரலிலேயே வரவேற்பறை நனைந்தது, மறுபடி இறக்கி ஏற்றும் கூலியும் என் தலையில் விழுந்தது.

இப்போது கிடைக்கும் மரம் பழைய மரம்போல இல்லையே. கழுக்கோலுக்குப் பதிலாக இரும்புச் சட்டம் வைக்கலாமா?

வைக்கலாம், குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் என்றால் தயங்கவே மாட்டேன். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விடாது என்பதால், துத்தநாகப் பூச்சுள்ள குழாய் வாங்குங்கள். பூச்சு எரிந்துபோகும் இடம் வெல்டிங் செய்த மூட்டு. துரு அங்கிருந்தே தொடங்கும் என்பதால், மூட்டைச் சுரண்டித் துத்தநாகப் பிரைமர் அடிக்காமல் வர்ணம் பூச விடாதீர்கள். குழாயின் வாயையும் அடைக்கச் சொல்லுங்கள். பட்டியலின் இடைவெளியைக் கைவசமுள்ள ஓட்டை வைத்தே அளக்க வேண்டும். மரத்தில் ஆணியைப் பிடுங்கி நகர்த்துவதுபோல வெல்டிங்கை நகர்த்த முடியாது.

மரமேதான் வேண்டும் என்றால் தேக்கு, அயினி, வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை ஆகியவற்றை நம்பலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பதப்படுத்தாத ரப்பர் மரத்தைக் கூரைக்கு ஏற்றாதீர்கள். பூஞ்சையும் துளைக்கும் வண்டும் அதை விரைவில் தின்றுவிடும்.

ஓட்டை இறக்கிவிட்டு ஷீட் போட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்கிறார்களே?

ஒழுகல் தொல்லை குறையும், வேறு இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று வெப்பமும் மழையிரைச்சலும். இரண்டாவது காற்று. ஓட்டுக் கூரை சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்குமேல் எடை உள்ளது. அரை மில்லிமீட்டர் இரும்பு ஷீட் நான்கு கிலோவைச் சற்றே தாண்டும். பலத்த காற்று கூரைமேல் பாயும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஓடு தன் எடையாலேயே பெருமளவு உட்கார்ந்திருக்கும். ஷீட்டை அதன் திருகாணிகளும், சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் போல்ட்டுகளும் மட்டுமே பிடித்திருக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது கூரைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்தில் புயல் இல்லாமலே தென்மேற்குக் காற்று அந்த வேலையைச் செய்யும்.

ஷீட்டே முடிவு என்றால், பழைய கழுக்கோலின்மேல் அதை ஆணியடித்துப் பொருத்துவதை மட்டும் ஏற்காதீர்கள். சட்டம் சுவருக்குள் ஆழமாகப் பிணைக்கப்பட வேண்டும். ஓரங்களிலும் முகட்டிலும் திருகாணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும்.

ஓட்டைப் பிரித்துவிட்டு அதே சுவர்மேல் கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். சுவர் தாங்குமா?

கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன 1,400 ஓட்டின் மொத்த எடை ஏறக்குறைய நான்கு டன். அதே பரப்பில் 12 சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் வார்த்தால், சதுர மீட்டருக்கு 300 கிலோ வீதம் சுமார் 28 டன் வரும். அதன்மேல் தட்டோடு, தண்ணீர்த் தொட்டி, மனிதர்கள். ஓட்டுக்காக மண் சாந்தில் கட்டிய வெட்டுக்கல் சுவரின் தலையில் இதை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. சுவர் நேராக, தடிப்பாக இருக்கிறது என்பது அஸ்திவாரத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

கான்கிரீட்டே வேண்டும் என்றால் தூண் எழுப்பி, அதற்குத் தனி அஸ்திவாரம் போட்டு, பாரத்தைத் தூணுக்குக் கொடுக்க வேண்டும். அது கூரை மாற்றம் அல்ல, பாதி வீடு கட்டுவது; செலவையும் அப்படியே மதிப்பிட வேண்டும். கூரையின் வகை மாறும்போது, வேலை தொடங்குமுன் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

எங்களுடையது கான்கிரீட் வீடு. சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பூசிவிட்டால் போதுமா?

பூச்சு மறைக்கும், நிறுத்தாது. துருப்பிடித்த கம்பி தன் அளவைப்போலப் பல மடங்கு பருக்கும். அந்த உப்பலே காரையைத் தள்ளிப் பெயர்க்கிறது. உள்ளே துரு நடந்துகொண்டிருக்க மேலே பூசினால் அந்தப் பூச்சும் விழும். கடலோர வீடுகளில் இது சீக்கிரம் வருவதற்குக் காரணம் காற்றின் உப்பு மட்டும் அல்ல. கம்பிக்குக் கீழே விட வேண்டிய கான்கிரீட் மூடாக்கு குறைவு. சில பழைய வீடுகளில் மணலே உப்பு மணல். கடலோரச் சூழலுக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கேட்பது 45 மில்லிமீட்டர் மூடாக்கு. பழைய வீடுகளை உடைத்துப் பார்த்தால் அரை அங்குலம் இருந்தாலே அதிகம்.

தீர்மானிக்கும் வழி இது. சீலிங் முழுவதையும் சுத்தியலால் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைக் குறியுங்கள். தெரியும் கம்பியின் துருவைச் சுரண்டி, மிச்சமிருக்கும் தடிமனை அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி 6 ஆகத் தேய்ந்திருந்தால், இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அதன் குறுக்குப் பரப்பு 50 சதுர மில்லிமீட்டரிலிருந்து 28 ஆகிவிட்டது, அதாவது பலத்தில் பாதிக்குச் சற்றே குறைவாகப் போய்விட்டது. ஓரிரு இடத்தில் மட்டும், கம்பி தேயாமல் இருந்தால் பழுது போதும்: கெட்ட காரையைக் கம்பிக்குப் பின்புறம்வரை கொத்தி, துரு நீக்கி, பிரைமர் பூசி, பழுதுக்கென்றே உள்ள சாந்தால் கட்டலாம். தேய்மானம் பரவலாக இருந்தாலோ சீலிங் நடுவில் தொய்ந்திருந்தாலோ உடனே முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். முட்டில்லாமல் கொத்தத் தொடங்கும் ஆளை அன்றே திருப்பி அனுப்பிவிடலாம்.

பால்கனியும் சன்ஷேடும் விதிவிலக்கு. அவற்றின் முக்கியக் கம்பி மேற்பக்கத்தில் இருக்கும். கீழே எதுவும் தெரியாமலே மேலே தேங்கும் தண்ணீர் அதைத் தின்றுகொண்டிருக்கலாம்.

அதற்குத்தான் மொட்டை மாடியில் ஷீட் போடப் போகிறேன். தண்ணீர் விழாவிட்டால் துரு நின்றுவிடும் அல்லவா?

கம்பி இன்னும் கெடாத வீட்டில் ஷீட் நல்ல காவல்தான். கெட்ட வீட்டில் அது போர்வை மட்டுமே. உப்பு ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், நம் காற்றின் ஈரமே துரு தொடர்வதற்குப் போதும். மேலே ஈரமில்லை என்ற நிம்மதியில் கீழே யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை என்பதே எனக்கு இதில் பிடிக்காத அம்சம். முந்தைய பதிலில் சொன்ன சோதனையையும் பழுதையும் முதலில் முடியுங்கள், பிறகு ஷீட் போடுங்கள். ஷீட்டின் தூண்களைத் தளத்தின் நடுவில் ஊன்றாமல் சுவருக்கோ உத்தரத்துக்கோ நேர் மேலே நிறுத்துங்கள்.

இரண்டு தடவை வாட்டர்ப்ரூஃப் அடித்தும் ஒழுகுகிறது. தளத்தை இடிக்க வேண்டியதுதானா?

இடிக்கும் முன் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். மழைநீர்க் குழாயை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்தினால், கசிவு தளத்தின் நடுவிலா, கைப்பிடிச் சுவரின் அடியிலா, குழாய் வாயிலா என்று தெரியும். பல வீடுகளில் குற்றவாளி கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான்; அங்கே சாந்தை வளைத்துச் சரிவாகக் கட்டாமல் எத்தனை வாளி வர்ணம் அடித்தாலும் பயனில்லை. ஓர் அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம் என்பதால், கம்பி தெரியும் தளத்தில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கீறல். எம்சீல் வைத்து ஓட்டலாமா?

கீறிய ஆஸ்பெஸ்டாஸைப் பழுது பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை, மாற்றுங்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. துளையிடாமல், உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து முழு ஷீட்டாகவே இறக்கச் சொல்லுங்கள். ஆட்கள் முகக்கவசம் அணிய வேண்டும். உடைந்த துண்டைக் கோழிக்கூட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்கலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை. நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டும் உண்டு. இடையில் ஏப்ரல், மே கோடைமழையும் சொல்லாமல் வரும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் சற்றுக் காய்ந்த பூமி. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஓட்டை இறக்கிவிட்டு வானத்தைப் பார்த்திருக்க முடியாது. எங்கே ஆனாலும் ஒரு சரிவை முடித்த பிறகே அடுத்ததைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

அரசு உதவி ஏதாவது கிடைக்குமா?

தமிழக அரசு 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு ரூ.3.5 லட்சம் தரப்படுகிறது. அது ஊரகப் பகுதிகளில் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவதற்கானது. ஓட்டு வீட்டின் பழுதுக்கு அதை எதிர்பார்த்து ஒரு மழைக்காலத்தைக் கடத்த வேண்டாம்.

ஆசாரி பழுது போதும் என்கிறார், ஷீட் ஒப்பந்தக்காரர் மாற்றச் சொல்கிறார், கொத்தனார் கான்கிரீட் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூவரும் தத்தம் கைத்தொழிலைச் சொல்கிறார்கள், அதில் குற்றமில்லை. "எந்த மரம் கெட்டிருக்கிறது, காட்டுங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஏணி வைத்து ஏறி, விரல் வைத்துக் காட்டுபவரின் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். முற்றத்தில் நின்றுகொண்டே தொகை சொல்பவர் எந்தத் தொழிலைச் சேர்ந்தவரானாலும் வேண்டாம்.

குடும்ப வீட்டைப் பங்கு வைத்தோம். தம்பி தன் பாதியைக் கான்கிரீட் ஆக்குகிறான். என் பாதி ஓடாகவே நிற்குமா?

பங்குக் கோடு கூரையை எப்படி வெட்டுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு சரிவின் கழுக்கோல்களும் முகட்டில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. சுவர்கள் வெளியே விலகாமல் குறுக்கு விட்டம் பிடித்திருக்கிறது. பங்குக் கோடு முகட்டைக் குறுக்கே வெட்டினால், வெட்டிய இடத்தில் புதிதாக ஒரு முக்கோணச் சுவரை எழுப்பி உங்கள் பாதியை நிறுத்திவிடலாம். கோடு முகட்டின் நீளவாக்கில் ஓடி, முன் சரிவு உங்களுக்கும் பின் சரிவு தம்பிக்கும் என்று பிரிந்திருந்தால், அவர் பிரித்த அன்றே உங்கள் சரிவுக்குத் துணை இல்லை. நீங்களும் மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதைப் பிரிக்கும் முன் பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகையிலும், அவருடைய கான்கிரீட் சுவரை உங்கள் ஓடு தொடும் கோட்டில் தகரத்தைச் சுவருக்குள் செருகி ஓட்டின்மேல் மடக்கிவிட வேண்டும். அவருடைய மாடித் தண்ணீர் உங்கள் ஓட்டில் விழாதபடி குழாயை அவர் பக்கமே திருப்ப வேண்டும்.

வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார்கள், நாங்கள் வெளிநாட்டில். இன்னும் பத்து வருடம் நின்றால் போதும். எவ்வளவு செய்யலாம்?

இந்தக் கேள்விக்கு மட்டும் கூரை முழுவதையும் ஒரே அளவுகோலால் அளக்க மாட்டேன். அம்மா தூங்கும் அறை, அடுக்களை, இவற்றுக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடைவழி ஆகியவற்றின்மேல் உள்ள மரத்தை, சந்தேகம் உள்ளவற்றையும் சேர்த்து, மாற்றிவிடுங்கள். பூட்டிக் கிடக்கும் அறைகளுக்கு ஓட்டைச் சீர்செய்து, பாத்தியைப் புதுப்பித்தால் போதும். ஆனால் அவற்றின் உத்தரம் நல்லதாக இருக்க வேண்டும், ஏனெனில் அங்கே விழுவது பக்கத்து அறையையும் இழுக்கும்.

கூரைமேல் சாய்ந்த தென்னை இருந்தால் அதை வெட்டும் செலவையும் இதில் சேருங்கள். மே கடைசியில் ஒரு தடவையும் அக்டோபர் தொடக்கத்தில் ஒரு தடவையும் பாத்தியைத் துடைத்து, விலகிய ஓட்டைத் தள்ளிவைக்க ஓர் ஆளை முன்பணம் கொடுத்து ஏற்பாடு செய்யுங்கள். அவர் ஏறிய அன்றே பாத்தியைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் பேசிவிடுங்கள். இல்லையென்றால் அம்மாவே ஏணியைத் தேடுவார்கள்.